நாற்பத்திரண்டு தண்டு

கிளாம்பாக்கத்தில் இறக்கிய பெட்டி
ஷெனாய் நகர் கடைக்கு வந்து சேர்ந்தபோது
மணி பதினொன்று. மே மாதம்.
திறந்தால்,
கோத்தகிரியில் ஏற்றிய நீலமெல்லாம்
கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்போல்
கழுத்து மடிந்து கிடக்கிறது.

லூர்து சார் போனில்:
"நாளைக்கு ரிசப்ஷன். நாப்பத்திரண்டு தண்டு.
ஒண்ணு கொறஞ்சா உன் கணக்கு."

ஹைட்ரேஞ்சியா.
யூனுஸ் வாயில் அது ஐதரஞ்சி.
முழம்போட்டு விற்க வராது, சரத்தில் அடங்காது,
கொண்டையில் நிற்காது, வாசனையும் கிடையாது.
இதழ் என்று நாம் தடவுவதுகூட இதழ் இல்லையாம்.
நடுவில் கடுகளவு ஒரு முடிச்சு, அதுதான் பூ.
மற்றதெல்லாம் பந்தல்.

முதலில் இலையை உருவு.
பூவுக்குப் போகவேண்டியதை அது குடித்துவிடும்.
கத்தி எடு, கத்திரி வேண்டாம், தண்டை நசுக்கும்.
சாய்த்து இரண்டு அங்குலம் வெட்டு.
வெட்டுவாய் காய்வதற்குள்
படிகாரப் பொடியில் ஒற்று
(எதிர் சலூனில் தாடையில் தேய்க்கிற அதே கல்,
யூனுஸ்தான் இடித்துக் கொடுத்தான்).
உடனே வாளி.

அப்படியும் எழாவிட்டால் தலைகீழாகத்
தொட்டியில் அமுக்கு, முக்கால் மணி நேரம்.
இந்தப் பூ தண்டால் மட்டும் குடிப்பதில்லை,
முகத்தாலும் குடிக்கும்.

கடை போர் தண்ணீர் உப்பு.
வாளியில் வெள்ளைக் கோடு விழும்.
மெட்ரோ லாரி இனி புதன்கிழமைதான்.
கேன் வாங்கினேன், ஏழு.
கூடாது கூடாது என்றுகொண்டே கணக்குப் போட்டேன்.
நூற்று நாற்பது லிட்டர்.
தணிகாசலத்துக்கு அது ஆறு மாதம்.

ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி.
செவ்வாய், வெள்ளி ஆஸ்பத்திரியில்
நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவி அனுப்புவார்கள்.
மற்ற நாட்களில் அளவு டம்ளர் என் கையில்.
ரசமும் தண்ணீர், தர்பூசணியும் தண்ணீர்,
மாத்திரை விழுங்கும் மிடறும் தண்ணீர்.
ஒரு செம்பை அண்ணாந்து
ஒரே மூச்சில் கவிழ்த்த தொண்டை அது.
இப்போது ஒரு ஐஸ்கட்டியை
ஒரு சீரியல் முடியும்வரை கரைக்கிறது.

ஒன்பதரைக்கு என்னை அழைக்க வந்தான்.
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
நீலத் தொட்டியையும் காலிக் கேன்களையும்
மாறி மாறிப் பார்த்தான்.
என்ன சொல்வானோ என்று நான்
தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சரியான மொடாக்குடியா இருக்கே இது"
என்று சிரித்தான்.

ஊசி குத்தாத கையின் சட்டையை மடித்துவிட்டு
ஒவ்வொரு தலையாய் அமுக்கினான்.
மிதந்து வந்ததை மறுபடி அமுக்கினான்.
பூக்கள் எல்லாம் அடங்கிய பிறகும்
அந்தக் கை மட்டும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.
நான் போனில் மணி பார்த்தேன்.
மறுபடியும் பார்த்தேன்.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால்
ஒவ்வொன்றாய் எழுந்தன.
காலிஃபிளவர் கனத்தில், விறைத்து,
நடந்தது எதுவும் தெரியாததுபோல்.
வண்டியில் ஏற்றும்போது யூனுஸிடம் சொன்னேன்:
மாம்பழத் தட்டுப் பக்கத்தில் வைக்காதே,
பழுக்கிற மூச்சு இதற்கு ஆகாது.
ஏசிக் காற்றுக்கு நேராகவும் வேண்டாம்.
மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் தொட்டுப் பார்ப்பார்கள்.
பார்க்கட்டும்.

நாற்பத்தொன்றுதான் ஏற்றினோம்.
பாதி மட்டும் எழுந்த ஒன்று
என் கணக்கில், நூற்றெண்பது ரூபாய்.

இப்போது வீட்டில், ஃபிரிட்ஜ் மேல்.
இரண்டு விரல் தண்ணீர் விட்டு
அப்படியே வற்றவிட்டால் நின்றபடியே காயும் என்றேன்.
அவன்தான் அளந்து ஊற்றினான்,
என் அளவு டம்ளரால்.
"உனக்கும் இதான் கோட்டா" என்றான் அதனிடம்.

நீலம் கொஞ்சம் சாம்பலாகிவிட்டது.
ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போது
பஸ் டிக்கெட் மாதிரி சத்தம் போடுகிறது.

நேற்று தூசி தட்டினேன்.
ஒன்றும் உதிரவில்லை.